கிழக்காலை மூன்றாவது தெரு

ஞானசுந்தரத்தை நான் முதன்முதலில் கண்டது 2002ஆம் ஆண்டு கார்த்திகையில், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போவதைக் கேட்டுவிட்டு என்னைப் பெரிய புண்ணியவதி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

பிராங்பேர்ட் நகரத்தில் ஒரு பழைய கத்தோலிக்கக் கோவிலைக் கூட்டித் துடைப்பது என் வேலை. பெயர் வெரோனிக்கா. ஊர் மன்னாரில் பேசாலை. எண்பத்தாறில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, நாலு ஊர் மாறி, நாலு வேலை மாறி, கடைசியில் இந்தக் கோவிலில் வாளியும் தும்புத்தடியுமாக நிலைத்தவள். சிவப்புக் கல்லால் கட்டிய கோவில். பச்சை பிடித்த செம்புக் கூரை. நகரத்தின் அந்தப் பகுதியில் எங்கே நின்று பார்த்தாலும் அதன் கோபுரம் தெரியும். வெள்ளிக்கிழமைகளில் பெரிய வாசலின் படிகளைக் கழுவுவது வழக்கம்.

அன்றைக்கு வானம் முழுக்க மப்பு. சூரியனைக் கண்டு எட்டு நாளிருக்கும். வாசலுக்கு எதிரே தெருவின் அந்தக் கரையில் நெட்டையாக, ஒல்லியாக ஒருவன் நின்றான். யாரோ கொடுத்த குளிர்ச்சட்டை, தோள் அவனுக்கு ஒரு சாண் கூடுதல் அகலம். ஒரு பெட்டியைப் பையில் போட்டு நெஞ்சோடு அணைத்திருந்தான். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தான். நெஞ்சில் கைவைத்து ஒரு கும்பிடு போட்டான். பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, விரலை மடக்கி ஏதோ எண்ணிவிட்டு, நேரே நடந்துபோனான்.

தமிழன் என்று அந்தக் கும்பிட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆனால் இந்தப் பதினாறு வருடத்தில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் ஏறியிருந்தது. தெருவில் தமிழ் முகம் கண்டால் குனிந்துகொள்வேன். பேச்சுக் கொடுத்தால் விண்ணப்பப் பாரத்தை நிரப்பித் தா என்பார்கள், அலுவலகத்தில் ரெர்மீன் இருக்கு, வரச்சொல்லி நேரம் தந்திருக்கு, பேசிவிட வா என்பார்கள். ஒருகாலத்தில் எல்லோருக்கும் ஓடியோடிச் செய்தவள்தான் நான். பிறகு அலுத்துவிட்டது. அன்றும் வாளிக்குள் பார்வையை விட்டுக்கொண்டேன்.

பன்னிரண்டு மணிக்கு ஆள் திரும்பி வந்தான். மறுபடி கும்பிடு. இந்த முறை கோவிலை ஒரு சுற்றுச் சுற்றினான், அதுவும் வலம் வருவதுபோல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுற்றி முடித்து வாசலடிக்கு வந்து, பழையபடி முதுகைக் காட்டி நின்று, அதே வழியால் போனான். எனக்கென்ன வந்தது என்று நான் உள்ளே போய், சனம் உட்காரும் வாங்குகளைத் துடைத்தேன்.

ஒன்றேகாலுக்கு மூன்றாம் முறை வந்தான். வந்து, நான் அப்போதுதான் கழுவி முடித்த படியில் சேற்றுச் சப்பாத்தோடு உட்கார்ந்தான். அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தேன்.

"உமக்குக் கண் தெரியாதோ? கழுவின படி இன்னும் காயேல்லை!"

தமிழைக் கேட்டதும் அவன் துள்ளி எழும்பினான். உடனே குனிந்து, சட்டைக் கையால் அந்தப் படியைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்தபடியே "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றான். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"விடும், விடும். காலமையிலையிருந்து இதிலை என்ன சுத்துறீர்?"

"குருமூர்த்தி எண்டு ஒருத்தற்றை வீடு தேடுறன். இண்டைக்குப் பின்னேரப் பிளேனிலை யாழ்ப்பாணம் போறார். கோவிலடியிலையிருந்து நேர் கிழக்காலை வா, மூண்டாவது றோட்டு, மூலையிலை பேக்கரி, பதினாலாம் நம்பர் எண்டவர். ரெண்டுதரம் போட்டு வந்திட்டன். பேக்கரி இருக்கு. பதினாலாம் நம்பரிலை கார் திருத்திற கராச்."

ஜெர்மனியில் எந்தத் தெரு மூலையில்தான் பேக்கரி இல்லை?

"கிழக்கு எந்தப் பக்கமெண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

சோறு தின்னும் கை எது என்று கேட்டதுபோல என்னைப் பார்த்தான். "வாசல் இருக்கெல்லோ அக்கா. வாசல் பாக்கிற பக்கம் கிழக்குத்தானே."

எனக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவன் மீசாலை ஆள், சைவம். அங்கே கோயில் வாசல் கிழக்கே பார்த்திருக்கும். வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றால் எதிரே கிழக்கு, சோற்றுக்கைப் பக்கம் தெற்கு. வெயிலோ மழையோ, பிறந்ததிலிருந்து அவன் திசை பிடித்தது அப்படித்தான். குருமூர்த்தியும் யாழ்ப்பாணத்தான். இடம், வலம் என்று சொல்ல வாய் வராது, கிழக்கு, மேற்கு என்றுதான் வரும். எங்கள் பழைய கோவில்கள் நேர்மாறு. பூசைப் பீடம் கிழக்கில், வாசல் மேற்கில்.

"தம்பி, இது வேதக்காரற்றை கோவில். பீடமிருக்கிற பக்கந்தான் கிழக்கு. நீர் காலமையிலையிருந்து மேற்காலை போய்க்கொண்டிருக்கிறீர்."

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "இப்ப எத்தினை மணி அக்கா?" என்று கேட்டான்.

"ஒண்டரை ஆகப் போகுது."

"ரெண்டு மணிக்கு வெளிக்கிட்டிருவார்."

வாளியை வாசலிலேயே விட்டுவிட்டு, போட்டிருந்த ஏப்ரனோடு அவனைக் கூட்டிக்கொண்டு கோவிலின் பின்பக்கமாக ஓட்டமும் நடையுமாகப் போனேன். மூன்றாவது தெருவுக்கு ஐந்து நிமிட நடை. ஐந்தே நிமிடம். பதினொரு மணிக்கு நான் வாயைத் திறந்திருந்தால் பதினொன்று ஐந்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பான்.

போகிற வழியில் மூச்சு வாங்க வாங்கத் தன் கதையைச் சொன்னான். கீசன் நகருக்கு அந்தப் பக்கம், காட்டோரத்தில் ஓர் அகதி விடுதி. ஓர் அறையில் நாலு பேர், நாலு பாஷை. தமிழ் இவன் ஒருவன்தான். வந்து ஐந்து வருடம். விண்ணப்பம் இன்னும் இழுபடுகிறது. அந்த மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் அலுவலகத்தில் கடதாசி வாங்க வேண்டும். கேட்டிருக்கிறான். என்ன காரணம் என்று கேட்டார்களாம். மகளுக்குச் சப்பாத்து அனுப்ப வேண்டும் என்றிருக்கிறான். அதற்குத்தான் தபால் இருக்கிறதே என்று சொல்லிவிட்டார்களாம். முன்பு தபாலில் அனுப்பிய பார்சல் ஒன்று போய்ச் சேரவே இல்லை என்பதை ஜெர்மன் பாஷையில் சொல்ல அவனுக்கு வரவில்லை. ஆகையால் கடதாசி இல்லாமலே வந்துவிட்டான்.

பெரிய ஸ்ரேசனில் பொலிஸ் நிற்பார்கள் என்று ஒரு ஸ்ரேசன் முந்தியே இறங்கி, தூரத்தில் தெரிந்த கோபுரத்தைப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் நடந்து வந்திருக்கிறான். யாரையும் கேட்கப் பயம். நாயோடு வந்த ஒரு கிழவியை மட்டும் கேட்டானாம். தெருப்பெயரைத் தொலைபேசியில் கேட்டுத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தான். அதை அவன் வாசித்த வாசிப்பில் கிழவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாளைக் காட்டியும் பயனில்லை. நாய்தான் கொஞ்ச நேரம் அவனைப் பார்த்ததாம். பிறகு ஒரு தொலைபேசிப் பூத்திலிருந்து குருமூர்த்தி வீட்டுக்கு இரண்டு முறை எடுத்திருக்கிறான். ஊருக்குப் போகிறவன் வீட்டுத் தொலைபேசி அன்றைக்கு ஓய்ந்திருக்குமா?

"அப்பிடியென்ன சப்பாத்து?" என்று கேட்டேன்.

நடந்தபடியே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினான். கொப்பியில் கிழித்த ஒற்றையில் பென்சிலால் கீறிய ஒரு சின்னக் கால். அஞ்சு விரலும் தனித்தனியாக. வெளிநாட்டிலிருந்து சப்பாத்து அனுப்பச் சொல்லும்போது எங்கள் ஆட்கள் செய்கிற வேலைதான் இது. பிள்ளையைத் தாளில் நிறுத்தி, காலைச் சுற்றிக் கீறி, கடிதத்தோடு வைத்துவிடுவார்கள். அவன் வெளிக்கிட்டபோது மனைவி மைதிலிக்கு நாலு மாசம். பிறந்தது ஆரணி. இப்போது அஞ்சு வயது நடக்கிறது. கைக்குழந்தையில் எடுத்த ஒரு படம் வந்தது, அதுவும் மங்கல். மகளில் அவன் ஒழுங்காகக் கண்டது அந்தக் கால் ஒன்றைத்தான்.

விடுதிக்காரர் மயானத்தில் இலை கூட்டும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அதில் வந்ததை வைத்துக் கடைக்குப் போய், கால் அளக்கும் பலகையில் அந்தத் தாளை விரித்திருக்கிறான். விற்கிற பெண் சிரிக்கவில்லையாம். தாளைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்து, வளர்கிற பிள்ளை என்று கொஞ்சம் இடம்விட்டு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். சிவப்புச் சப்பாத்து.

"இது மாசியிலை கீறினது அக்கா. கடிதம் ஆனியிலைதான் கையிலை கிடைச்சுது. சண்டை நிண்டு பாதை திறந்தாப்பிறகு ஊருக்குப் போறதெண்டு நான் அறிஞ்ச முதல் ஆள் குருமூர்த்தி அண்ணைதான். இவரை விட்டா ஆரைப் பிடிக்கிறது? அதுக்கிடையிலை கால் வளந்திடும்."

பதினாலாம் நம்பர் வீட்டு மணியை அழுத்தினோம். பதில் இல்லை. மறுபடி அழுத்தினோம். மேல்மாடியில் ஒரு ஜெர்மன்காரி யன்னலைத் திறந்து, அவர்கள் ஒரு மணிக்கே காரில் போய்விட்டார்கள் என்றாள். இடையில் வேறு யாரையோ ஏற்ற வேண்டுமாம்.

நான் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை. அவனுக்கு விளங்கிவிட்டது. மணியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, "சரி அக்கா. உங்களுக்கும் கரைச்சல் தந்திட்டன். நான் போறன்" என்றான்.

அழுதிருந்தால், யாரையாவது திட்டியிருந்தால் நான் ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். இவன் "சரி" என்கிறான். எத்தனை தடவை எத்தனை பேரிடம் இந்தச் "சரி"யைச் சொல்லியிருந்தால் அது இவ்வளவு லேசாக வரும்! எனக்கு என்மேலேயே ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது.

"கொண்டாரும் அதை" என்று பெட்டியைப் பறித்தேன். "எயார்போட்டுக்கு நான் போறன். நீர் வரேலாது, அங்கை சந்திக்குச் சந்தி பொலிஸ். கோவிலுக்குள்ளை போய் இரும். ஆரும் கேட்டா வெரோனிக்கான்ரை தம்பி எண்டு சொல்லும்."

எஸ்-பாண் ரயிலில் ஏறிப் போகிற வழியெல்லாம் மாதாவோடு சண்டை பிடித்தேன். குருமூர்த்தியை எனக்குப் பழக்கமில்லை. தமிழ்க்கடையில் கண்ட முகம், அவ்வளவுதான். ஆனால் தேட வேண்டியே இருக்கவில்லை. வரிசைக்குப் பக்கத்தில் சூட்கேசை நிலத்தில் மலர்த்திப் போட்டு, பாரம் கூடிப்போய், சொக்கலேற் பைகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்துகொண்டிருந்த ஒரே மனுஷன் அவர்தான். மூச்சிரைக்க விசயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, அந்தப் பொடியனோ? ரெண்டு நாளா வாறன் வாறன் எண்டவன். காலமை முழுக்கப் பாத்துக்கொண்டிருந்தனான். இனி ஏலாது அக்கா. பாருங்கோ என்ரை கோலத்தை. நாலு கிலோ கூட."

"அவர் உம்மடை வீட்டைத் தேடித்தான் மூண்டு மணித்தியாலம் நடந்தவர்."

"கோவிலிலையிருந்து கிழக்காலை எண்டு வடிவாச் சொன்னனானே!"

இதற்கு விளக்கம் சொல்ல எனக்கு நேரமில்லை. பெட்டியைத் திறந்து சப்பாத்துகளை வெளியே எடுத்து, வெறும் பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் போட்டிருந்த நீட்டுக் குளிர்ச்சட்டையின் வலப்பக்கப் பைக்குள் ஒன்று, இடப்பக்கப் பைக்குள் ஒன்று என்று திணித்தேன். "சட்டைப் பையை ஒருத்தரும் நிறுக்கமாட்டினம். மீசாலைக்குப் போகுமட்டும் சட்டையைக் கழட்டாதையும்" என்றேன்.

கார்த்திகைக் குளிருக்குப் போட்ட சட்டையோடு கொழும்பு வெயிலில் இறங்கப்போகிற மனுஷன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆனால் பைகளை இரண்டு கையாலும் அமத்திப் பிடித்துக்கொண்டார்.

நான் கோவிலுக்குத் திரும்பியபோது ஐந்து மணி. வெளியே இருட்டிவிட்டது. வாசலில் விட்டுப்போன வாளியைக் காணவில்லை. படி மறுபடி கழுவியிருந்தது. உள்ளே நான் பாதியில் விட்ட வாங்குகள் எல்லாம் துடைத்து முடிந்திருந்தன. அவன் முன் வாங்கில், சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தான். காலுறையின் குதிப்பக்கம் இரத்தம் பட்டுக் காய்ந்திருந்தது.

"கொண்டு போறார்" என்றேன்.

இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதான். ஆளில்லாத கோவிலில் அது கூரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. ஐந்து வருடமாக நாலு பேர் படுக்கிற அறையில் அழ இடமில்லாமல் வைத்திருந்த அழுகை என்று எனக்குப் பட்டது. நானும் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அழ இடம் தேடி அலைந்தவள்தான். அவன் முடிக்கும்வரை பக்கத்தில் போகவில்லை. விளக்கைப் போடாமல் தூணோடு நின்றேன்.

குருமூர்த்தி தை மாதம் திரும்பி வந்தார். வந்த கையோடு கோவிலுக்குத் தேடி வந்து, "சப்பாத்து காலுக்கு ஏறேல்லை அக்கா" என்றார். விரல் மடங்கிவிட்டதாம். மாசியில் கீறிய கால் மார்கழி வரைக்கும் காத்துக்கொண்டிருக்குமா? நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு தாளைத் தந்து, சின்னவள் சொல்லிவிட்டதையும் சொல்லிவிட்டுப் போனார்.

விடுதியின் நடைபாதையில் ஒரே ஒரு தொலைபேசி. மூன்று நாள் முயன்று ஞானசுந்தரத்தைப் பிடித்தேன். சேதி வந்திருக்கு, வாரும் என்று மட்டும் சொன்னேன். மாசியில் ஒரு சனிக்கிழமை வந்தான். இந்த முறை பெரிய ஸ்ரேசனிலேயே இறங்கியிருந்தான். கடதாசி கொடுத்திருந்தார்கள். என்ன காரணம் எழுதினீர் என்று கேட்டேன். கோவிலுக்குப் போகிறேன் என்று எழுதினானாம். அன்றைக்கும் மப்புத்தான். ஓரிடத்தில்கூடப் பிழைவிடாமல் வந்ததாகச் சின்னப்பிள்ளைபோலச் சொன்னான்.

பொய் சொல்லத்தான் நினைத்திருந்தேன். வடிவாகப் பொருந்தியது, ஊரெல்லாம் போட்டுத் திரிகிறாளாம் என்று வசனம்கூடப் பாடமாக்கி வைத்திருந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. புதுத் தாளை நீட்டினேன். அவன் பழைய தாளை எடுத்து அதன்மேல் வைத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். புதுக்கால் எல்லாப் பக்கமும் ஒரு விரல் அளவு வெளியே நின்றது.

"வளந்திட்டாள்" என்றான்.

"சப்பாத்தை ஒருத்தருக்கும் குடுக்கேலாதெண்டு தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு படுக்கிறாளாம்" என்றேன். "உமக்கு ஒரு விசயமும் சொல்லிவிட்டிருக்கிறாள். அப்பான்ரை காலைக் கீறி அனுப்பட்டாம். ரெண்டு காலும் வேணுமாம். ஒண்டை மட்டும் அனுப்பினா எப்பிடி நடந்து வாறதெண்டு குருமூர்த்தியைக் கேட்டவளாம்."

அவன் வாங்கில் உட்கார்ந்து சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினான். நான் அலுமாரியைக் குடைந்து, கிறிஸ்து பிறப்புக்கு, நத்தார் விழாவுக்கு ஒட்டி மிச்சமான பெரிய சுவரொட்டி ஒன்றை எடுத்து, வெள்ளைப் பக்கம் மேலே வர நிலத்தில் விரித்தேன். அவன் அதில் ஏறி நின்றான். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று என்னைக் கேட்கவில்லை. தானாகவே பீடத்தின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முழங்காலிட்டு, வலது குதியில் பென்சிலை வைத்துக் கீறத் தொடங்கினேன். குளிரில் கல்போலக் கிடந்தது கால். என் முழங்கால் வேறு நோவு. கெதியாய் முடிப்போம் என்று விரல்களைத் தனித்தனியாகக் கீறாமல் ஒரே வளைவாக வளைத்துவிட்டு மற்றக் காலுக்குத் தாவினேன்.

"அவசரப்படாதேங்கோ அக்கா" என்றான் மேலே இருந்து. "உள்ளபடி கீறுங்கோ. நான் ஒருநாள் போய் நிக்கேக்கை, இது வேறை ஆற்றையோ காலெண்டு அவள் சொல்லிப்போடக் கூடாது."

நான் அந்த வளைவை அழித்துவிட்டு, பெருவிரலிலிருந்து மறுபடி கீறத் தொடங்கினேன்.